விடுதிச் சாப்பாடும் வெள்ளிக் கிண்ணமும் – மகாதேவி வர்மாவின் மாணவி நாட்கள்

பெண்கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்தக் கல்லூரி எந்த ஆண்டில் தொடங்கியது, முதல் பட்டதாரிப் பெண் யார், எந்தத் துரை எவ்வளவு நன்கொடை கொடுத்தார் என்பதையெல்லாம் விடாமல் எழுதுகிறார்கள். அந்தப் பெண்கள் விடுதியில் என்ன சாப்பிட்டார்கள், ஓர் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், எந்த மொழியில் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்பதெல்லாம் அந்த வரலாற்றில் ஏறுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள, அங்கே படித்த பெண்களே பின்னாளில் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளைத்தான் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இந்திக் கவிஞர் மகாதேவி வர்மா எழுதிய 'மேரே பச்பன் கே தின்' அப்படி ஒரு நினைவுக் குறிப்பு. 'என் சிறுவயது நாட்கள்' என்று தமிழில் சொல்லலாம். அளவில் சிறியது, ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். 2006இல் வெளிவந்த 'க்ஷிதிஜ்' என்னும் ஒன்பதாம் வகுப்பு இந்திப் பாடநூலில் அது இடம்பெற்றது. வடக்கே குடியேறிய தமிழர்களில் பலர் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போய் இந்தி இலக்கியம் படித்தவர்கள். நானும் அப்படித்தான். மகள் தூங்கிப்போன பிறகும் புத்தகத்தை மூடாமல் படித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. முதல்முறை படித்தபோது மனம் நெகிழ்ந்தது. மறுபடி மறுபடி படித்ததில் சில இடங்கள் நெருடின. அந்த நெகிழ்ச்சியையும் நெருடலையும் சேர்த்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரியும் மாணவியும்

மகாதேவி 1907இல் பரூக்காபாதில் பிறந்தவர். இந்திக் கவிதையில் சாயாவாதம் எனப்படும் இயக்கத்தின் நான்கு தூண்களில் ஒருவர் என்று பிரசாத், நிராலா, பந்த் ஆகியோருடன் சேர்த்துச் சொல்லப்படுபவர். 1982ஆம் ஆண்டுக்கான ஞானபீடப் பரிசு பெற்றார். 1987இல் மறைந்தார். அவர் குடும்பத்தில் இருநூறு ஆண்டுகளாகப் பெண் குழந்தையே இல்லையாம். அதனால் இவர் பிறந்தபோது வரவேற்பு பலமாக இருந்திருக்கிறது. பெண் குழந்தை பிறந்தால் அந்நாளில் என்ன செய்வார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

தாத்தாவுக்குப் பாரசீகமும் உருதுவும் தெரியும். பேத்திக்கும் சொல்லிக்கொடுக்க மௌல்வி சாகிபை வரவழைத்தார்கள். பேத்தியோ அவர் வந்ததும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டார். இந்தியைக் கொண்டுவந்தவர் ஜபல்பூரிலிருந்து வந்த அம்மா. மீராவின் பதங்களை அவர் பாடக் கேட்டு மகள் பிரஜ் பாஷையில் கவிதை கட்டத் தொடங்கினார். பிறகு மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே சூழல் வேறு, பிரார்த்தனை வேறு. மனம் ஒட்டவில்லை, போவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் அலகாபாத்தில், அதாவது இன்றைய பிரயாக்ராஜில், கிராஸ்த்வெயிட் பெண்கள் கல்லூரிக்கு வருகிறார்.

பெயர் கல்லூரி என்றாலும் அங்கே சேர்ந்தபோது மகாதேவி ஐந்தாம் வகுப்பு. அந்நாளில் பெண்களுக்கென்று நிறுவனம் ஒன்று ஏற்பட்டால் அரிச்சுவடி முதல் மேல்வகுப்பு வரை அதன் கூரைக்குள்ளேயே அடங்க வேண்டியிருந்தது. இன்றைக்குக் கல்லூரி மாணவி என்றதும் நம் கண்முன் வரும் உருவத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பாவாடை கட்டிய சிறுமிகளையும் சேர்த்து நினைத்துக்கொண்டால்தான் இந்த நினைவுக் குறிப்பு சரியாகப் பிடிபடும்.

நால்வர் இருந்த அறை

விடுதியில் ஓர் அறைக்கு நான்கு பேர். மகாதேவிக்கு வாய்த்த முதல் தோழி, இரண்டு வகுப்பு மேலே படித்த சுபத்ரா குமாரி. ஜான்சி ராணியைப் பாடிப் பின்னாளில் வடநாடு முழுதும் அறியப்பட்ட சுபத்ரா குமாரி சௌகான்தான் அவர். அப்போதே கவிதை எழுதுபவர் என்று விடுதியில் பெயர் வாங்கியிருந்தார். மகாதேவி எழுதியதை ஒளித்து வைத்திருந்தார். சுபத்ரா ஒருநாள் கேட்டார், இவர் மழுப்பினார். சுபத்ரா விடவில்லை. இவருடைய புத்தகங்களைக் குடைந்து கவிதைகளைக் கண்டெடுத்து, ஒரு கையில் தாளும் மறு கையில் ஆளுமாக, கைதியை நடத்திப் போவதுபோல அறை அறையாக இழுத்துப் போய், இவள் கவிதை எழுதுகிறாள் என்று விடுதி முழுக்கத் தண்டோரா போட்டுவிட்டார்.

இதே சம்பவத்தை மகாதேவி 1956இல் வந்த 'பத் கே சாத்தி' என்ற நூலிலும் எழுதியிருக்கிறார். 'வழித்துணைவர்கள்' என்று பொருள்படும் அந்நூல் சக எழுத்தாளர்களைப் பற்றியது. அங்கே கவிதை பிடிபடுவது கணக்கு நோட்டில். இந்தக் கணக்கு நோட்டு எனக்கு மிகவும் பிடித்த சான்று. கணக்குப் போட வேண்டிய தாளில் எதுகை தேடிய சிறுமிக்குக் கவிதை ஒரு திருட்டு வேலையாகத்தான் தோன்றியிருக்கும். அந்தத் திருட்டைக் கண்டுபிடித்தவர் தண்டிக்காமல் விளம்பரப்படுத்தினார். அதிலிருந்து இருவரும் கூட்டாளிகள். மற்றப் பெண்கள் விளையாடும் நேரத்தில் இவர்கள் மரக்கிளையில் ஏறி உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதை 'ஸ்த்ரீ தர்ப்பண்' என்ற பெண்கள் இதழுக்கு அனுப்பினார்கள், அச்சிலும் வந்தது.

இங்கே ஓர் இலக்கிய வரலாற்றுச் செய்தி போகிற போக்கில் சொல்லப்படுகிறது. பிரஜ் பாஷையில் எழுதிக்கொண்டிருந்த மகாதேவி, சுபத்ரா கடீபோலியில் எழுதுவதைப் பார்த்துத் தாமும் அதற்கு மாறினார். இந்திக் கவிதை பழைய பிரஜ் மொழியை விட்டுப் பேச்சுக்கு நெருங்கிய கடீபோலிக்கு மாறியதற்கு, 1903 முதல் 1920 வரை 'சரஸ்வதி' இதழை நடத்திய மகாவீர் பிரசாத் துவிவேதியைக் காரணமாகச் சொல்வது இலக்கிய வரலாற்றின் வழக்கம். அது உண்மைதான். ஆனால் ஒரு விடுதியில், பத்து வயதுப் பெண் தன் தோழியைப் பார்த்து எழுத்துமொழியை மாற்றிக்கொண்டதும் அதே வரலாற்றின் ஒரு துளி. ஆசிரியர் சொல்லிக்கொடுத்து வராதது, பக்கத்துக் கட்டில்காரி எழுதுவதைப் பார்த்து வந்துவிடுகிறது. பெண்கள் விடுதி கொடுத்த படிப்பில் பாதி இப்படிப்பட்டது என்பது என் துணிபு.

வெள்ளிக் கிண்ணம்

அக்காலத்தில் கவிசம்மேளனங்கள் நடக்கின்றன. ஹரிஔத், ஸ்ரீதர் பாடக், ரத்னாகர் போன்ற பெரியவர்கள் தலைமை. கல்லூரி ஆசிரியை அழைத்துப் போவார். தம் பெயரை எப்போது கூப்பிடுவார்களோ என்று சிறுமிக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் முதற் பரிசு இவருக்குத்தான். நூறுக்கு மேல் பதக்கங்கள் சேர்ந்துவிட்டனவாம்.

அப்படி ஒருமுறை வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் கிண்ணம் பரிசாகக் கிடைத்தது. அன்று சுபத்ரா கூட வரவில்லை. திரும்பி வந்து காட்டியதும், இதில் பாயசம் வைத்துத் தர வேண்டும் என்று கட்டளை போட்டார். அந்தச் சமயம் காந்தியடிகள் ஆனந்த பவனத்துக்கு வந்திருந்தார். விடுதிப் பெண்கள் கைச்செலவுக் காசிலிருந்து ஓரணா இரண்டணா மிச்சம் பிடித்து நாட்டுக்கென்று வைத்திருந்து, அவர் வரும்போது கொடுப்பது வழக்கம். கிண்ணத்தையும் காட்டுவோமே என்று மகாதேவி எடுத்துப் போனார். அவர் கேட்டார், இவர் கொடுத்துவிட்டார். அந்தக் கவிதையைச் சொல்லு என்று அவர் கேட்கவில்லையே என்ற வருத்தத்தோடு திரும்பினார். சுபத்ராவோ, கிண்ணம் போனால் போகட்டும், பித்தளையிலாவது வெண்கலத்திலாவது பாயசம் வந்தாக வேண்டும் என்றார்.

இதை நம் பிள்ளைகளுக்குத் தியாகக் கதையாகவே சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மகாதேவி எழுதிய விதத்தைக் கவனித்தால் அதில் வேறு ஒன்றும் இருக்கிறது. கிண்ணம் வந்தது கவிதைக்காக. கிண்ணம் வேண்டப்பட்டது, கவிதை வேண்டப்படவில்லை. தேச இயக்கம் பெண்களிடம் நகையையும் உழைப்பையும் கேட்டது. அவர்கள் சொல்ல வைத்திருந்ததைக் கேட்க எப்போதும் நேரம் ஒதுக்கியதா என்ற கேள்வி அந்த ஒரு வருத்தத்துக்குள் அடங்கியிருக்கிறது. குற்றச்சாட்டாக அவர் எழுதவில்லை. குழந்தையின் ஏமாற்றமாக எழுதி, தோழியின் கிண்டலோடு முடித்துவிட்டார். ஆனாலும் அந்த வருத்தத்தை இத்தனை ஆண்டு கழித்தும் விடாமல் எழுதினார் பாருங்கள், அதுதான் இந்த நினைவுக் குறிப்பின் நேர்மை.

சொல்லாமல் விட்டது

இனி நெருடிய இடங்களுக்கு வருகிறேன். சுபத்ரா விடுதியை விட்டுப் போனார், அவர் இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள் என்று மகாதேவி எழுதுகிறார். ஏன் போனார்? 1919இல், பதினைந்து வயதில், கண்ட்வாவைச் சேர்ந்த லட்சுமண் சிங் சௌகானுக்கு சுபத்ராவைக் கல்யாணம் செய்துகொடுத்துவிட்டார்கள். இது வாழ்க்கை வரலாற்று நூல்களில் இருக்கிறது. இந்த நினைவுக் குறிப்பில் இல்லை. அதைவிடப் பெரிய மௌனமும் உண்டு. மரத்தில் ஏறிக் கவிதை எழுதிய அந்தச் சிறுமிக்கே ஒன்பது வயதளவில் கல்யாணம் ஆகியிருந்தது. படிப்பு முடிந்ததும் கணவர் வீட்டுக்குப் போக மறுத்து, கடைசிவரை தனித்தே வாழ்ந்தவர் அவர். அந்த மறுப்புக்கு வேண்டிய தெம்பு அந்த விடுதியில்தானே ஊறியிருக்க வேண்டும்? ஆனால் கல்யாணம் என்ற பேச்சே இதில் எழவில்லை.

மகாதேவிக்கு எழுதத் துணிவில்லை என்று சொல்ல முடியாது. பெண்ணின் அடிமைத்தனம் பற்றி 1942இல் 'ஸ்ருங்கலா கீ கடியான்' எழுதியவர் அவர். 'சங்கிலியின் கண்ணிகள்' என்ற அந்தத் தலைப்பே போதும். சுபத்ராவின் இல்லறத்தையும் சிறைவாசத்தையும் 'பத் கே சாத்தி'யில் விரிவாகவே எழுதியிருக்கிறார். சிறுவயதை எழுதும்போது மட்டும் கல்யாணத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டார். விடுதியில் கல்யாணத்துக்கு இடமில்லாமல் இருந்த அந்தச் சில ஆண்டுகளை அப்படியே காப்பாற்றி வைக்க நினைத்தாரோ என்னவோ. ஓர் எழுத்தாளரின் உரிமை அது. ஆனால் படிக்கிற நாம், அந்நாளைய பெண்கள் கல்லூரியின் கடிகாரத்தை மணியடித்து நடத்தியது பாடவேளை மட்டுமல்ல, வீட்டில் நிச்சயமாகும் கல்யாணத் தேதியும்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. அதைச் சேர்த்துப் படித்தால் மரக்கிளைக் காட்சி இன்னும் கனமாகிறது.

வெங்காயம் இல்லாத மெஸ்

இரண்டாவது நெருடல் சாப்பாடு. கிராஸ்த்வெயிட்டில் இந்துப் பெண்கள் இருந்தார்கள், கிறிஸ்தவப் பெண்கள் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மெஸ். அந்த மெஸ்ஸில் வெங்காயம்கூடச் சேர்ப்பதில்லை என்று எழுதுகிறார். எல்லோரும் ஒரே பிரார்த்தனையில் நின்றார்கள், தகராறு ஏதும் இல்லை என்றும் சொல்கிறார்.

ஒரே மெஸ் என்பது சாதாரணச் செய்தி அல்ல. தமிழர்களாகிய நமக்கு அது நன்றாகத் தெரியும். அதே காலத்தில், வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிச் சாப்பாடு என்பது 1924–25இல் பெரும் பிரச்சினையாக வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கிளப்பிய அந்தக் கேள்வி தமிழ்நாட்டு அரசியலின் திசையையே திருப்பியது. ஒரு பந்தியில் உட்காருவதா வேண்டாமா என்பதற்கு அவ்வளவு கனம். அந்த நினைவோடு படிக்கும்போது கிராஸ்த்வெயிட் மெஸ் பெரிய சாதனையாகத்தான் தெரிகிறது.

ஆனால் வெங்காயம்? தன் வீட்டில் வெங்காயமும் கறியும் சாப்பிட்டு வளர்ந்த கிறிஸ்தவப் பெண் அந்த மெஸ்ஸில் எப்படிச் சாப்பிட்டிருப்பாள்? பந்தி ஒன்றானது. ஆனால் அந்தப் பந்திக்கு வரும்போது ஒரு சாரார் தங்கள் நாக்கை வெளியே கழற்றி வைத்துவிட்டு வர வேண்டியிருந்தது. இன்னொரு சாரார் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். மகாதேவி எழுதியதிலேயே இதற்கு ஒப்பீடு கிடைக்கிறது. மிஷன் பள்ளியில் பிரார்த்தனை வேறாக இருந்ததால் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. கிராஸ்த்வெயிட்டில் அதே சங்கடம் கிறிஸ்தவப் பெண்களுக்கு இருந்ததா என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. தனக்கு இல்லாத சங்கடம் பிறருக்கும் இல்லை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

அடுக்களையின் அரசியல் தெரியாதவர் அல்லர் அவர். 'ஸ்மிருதி கீ ரேகாயேன்' நூலில் பக்தின் என்ற வேலைக்காரப் பெண்ணைப் பற்றி எழுதிய சித்திரம் இந்தி உரைநடையில் பெரிதும் போற்றப்படுவது. வேலைக்கு வந்த பக்தின் அடுக்களைக்குள் கரியால் தடித்த கோடு கிழித்து, இதற்குள் யாரும் வரக்கூடாது என்கிறாள். எஜமானி வாயை மூடிக்கொண்டு அவள் போடுவதைச் சாப்பிடுகிறார். அந்தக் கோட்டை அத்தனை கூர்மையாகப் பார்த்த கண், தன் மாணவிப் பருவத்து மெஸ்ஸில் கோடு இல்லை என்றே நம்பியது. மெஸ்ஸில் சமைத்தவர் யார், பாத்திரம் தேய்த்தவர் யார் என்பதும் இதில் வரவில்லை. மகிழ்ச்சியாக இருந்த இடத்தில் கோடுகள் கண்ணில் படுவதில்லை. மனித இயல்பு அது.

இதற்கு நேர்மாறாக எழுதியவர் உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய். லக்னோவின் இசபெல்லா தோபர்ன் கல்லூரியில் படித்தவர். 1940களில் வந்த அவருடைய 'டேடீ லகீர்' நாவலில் விடுதி வாழ்க்கை பொறாமை, பிடிவாதம், ஆசிரியைமீது பித்து, மதச் சீண்டல் எல்லாம் கலந்து கொதிக்கிறது. தலைப்புக்கே 'கோணல் கோடு' என்று பொருள். இருவரும் ஏறத்தாழ ஒரே நிலப்பகுதியின் பெண்கள் கல்லூரிகளைத்தான் காட்டுகிறார்கள். ஒருவர் நேர்கோடாக நினைவுகூர்ந்தார். மற்றவர் கோணலை எழுதினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்தக் கால மாணவியின் ஒரு நாள் முழுமையாகும்.

ஜெபுன்னிஸாவின் மராத்தி

அப்படியானால் மகாதேவியின் ஒற்றுமைச் சித்திரம் வெறும் இனிப்பா? இல்லை என்பதற்கு ஒருத்தி இருக்கிறாள். சுபத்ரா போன பிறகு அந்த அறைக்கு வந்த ஜெபுன்னிஸா. கோலாப்பூரிலிருந்து வந்தவள். பெயரால் முஸ்லிம், பேச்சால் மராத்தி, மராத்தியப் பெண்களைப் போலவே உடுத்துவாள். மகாதேவியின் மேசையைத் துடைத்துப் புத்தகங்களை அடுக்கிவைத்து, இவருக்குக் கவிதை எழுத நேரம் சம்பாதித்துக் கொடுத்தவள் அவள்தான். இந்திப் பேச்சின் நடுவே மராத்திச் சொற்கள் தானாக வந்து விழும். உருது ஆசிரியை, உள்ளூர்க் காக்கை மராத்தி பேசுகிறதே என்று சீண்டுவார். இது மராத்திக் காக்கை, அதனால் மராத்தி பேசுகிறது என்று பட்டென்று பதில் சொல்வாளாம்.

பாடநூல் படிக்கும் பிள்ளைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்குக் கண் கலங்கியது. இங்கே வளர்ந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தி உச்சரிப்புக்காகக் கேலிக்கு ஆளாகி, வீட்டுக்கு வந்து, ஸ்கூல் வாசலில் என்னைத் தமிழில் கூப்பிடாதே அம்மா என்று சொல்லியிருக்கிறார்கள்! அந்தப் பதிலைச் சொல்லும் தைரியம் நம் பிள்ளைகளுக்கு ஏன் வரவில்லை? ஜெபுன்னிஸாவுக்கு அது வந்ததற்கு அந்த விடுதியின் பேச்சுச் சூழலும் ஒரு காரணமாக இருக்கலாம். அவத் பகுதிப் பெண்கள் தங்களுக்குள் அவதி பேசினார்கள், புந்தேல்கண்டுப் பெண்கள் புந்தேலி பேசினார்கள், வகுப்பில் இந்தியும் உருதுவும் படித்தார்கள் என்று மகாதேவி சொல்கிறார். எல்லோரும் ஒரே மாதிரி பேச வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. அவரவர் வாய்மொழி அவரவரிடம் இருந்தது.

ஆகவே என் முடிவு இது. இந்த நினைவுக் குறிப்பை ஒருமைப்பாட்டுப் பாடமாக நடத்துகிறவர்கள் மெஸ்ஸைக் காட்டுகிறார்கள். நான் ஜெபுன்னிஸாவைக் காட்டுவேன். மெஸ்ஸில் எல்லோரும் ஒன்றானது சிலர் விட்டுக்கொடுத்ததால். அறையில் எல்லோரும் ஒன்றானது யாரும் எதையும் விடாமலே. ஒரே கட்டுரையில், ஒரே விடுதியில், ஒற்றுமைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. எழுதியவர் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை, நாம்தான் பார்க்க வேண்டும். அந்தக் கனவு நனவாகியிருந்தால் இந்தியாவின் கதையே வேறாக இருந்திருக்கும் என்ற ஏக்கத்தோடு அவர் முடிக்கிறார். எந்தக் கனவு என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் அந்த ஏக்கத்துக்கு இன்னும் பொருள் கூடும்.

கடைசியாக ஒன்று. பிறரைக் கேட்ட கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்? வெளிமாநிலங்களில் தமிழர்கள் கூடும் பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் எத்தனையோ முறை பரிமாறியிருக்கிறேன். சாதி மதம் பாராமல் ஒரே பந்தியில் உட்காருகிறோம் என்று மேடையில் பெருமையாகச் சொல்வோம், அது உண்மைதான். அந்தப் பந்தியில் என்ன பரிமாறுவது என்று முடிவு செய்யும் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்துப் பார்த்தால், கிராஸ்த்வெயிட் மெஸ்தான் ஞாபகம் வருகிறது. கன்னியாகுமரிக் கிறிஸ்தவப் பெண்ணும் கீழக்கரை முஸ்லிம் பெண்ணும் சாம்பார் வாளிக்கு முன்னால் சிரித்த முகத்தோடுதான் இருந்தார்கள். ஊரில் பண்டிகைக்கு என்ன சமைப்பீர்கள் என்று நான் அவர்களைக் கேட்டதில்லை. அடுத்த விழாவுக்குப் பட்டியல் போடுமுன் கேட்க வேண்டும் என்று இருக்கிறேன்.